கூச்சம் களைவோம்: வெளிமூலம் மூடிமறைக்க வேண்டிய நோயல்ல



கலேவெலயில் மாதம் ஒருமுறை கூடும் எமது பெண்கள் குழுவுக்கு ஐம்பது வயதை நெருங்கும் அக்கா ஒருவர் வருவார். சில மாதங்களுக்கு முன்பு நடந்த கூட்டத்தில் அவர் ஒன்றரை மணித்தியாலமும் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். கதிரை காலியாக இருந்தது. பாயும் விரித்திருந்தது. "இருங்கள் அக்கா" என்று நான் மூன்று தடவை சொன்னேன். "இல்லைப் பிள்ளை, பரவாயில்லை" என்று மூன்று தடவையும் சிரித்தார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பின்பு, தேநீர்க் கோப்பை கழுவும் இடத்தில் நின்று மெதுவாகக் கேட்டேன். அழுதுவிட்டார். "எனக்கு இருக்க ஏலாது பிள்ளை. பின்பக்கம் ஒரு கட்டி. நாலு நாளாய் உயிர் போகுது. இது புற்றுநோய்தான். பிள்ளைகளிட்டச் சொல்ல வெட்கமாய் இருக்கு" என்றார். யாரோ சொன்னார்கள் என்று செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி அதன்மேல் இருந்திருக்கிறார். தோல் வெந்து நோவு இரட்டிப்பாகிவிட்டது.

அடுத்த நாள் காலை அவருடன் வைத்தியசாலைக்குப் போனேன். பார்த்த பெண் வைத்தியர் சில நிமிடங்களிலேயே சொல்லிவிட்டார். அது புற்றுநோயல்ல, வெளிமூலத்தில் இரத்தம் உறைந்து வந்த கட்டி. நாலு நாள் அழுது மறைத்த பயம் அந்த அறையிலேயே தீர்ந்தது. ஆனால் என் மனதில் ஒரு கேள்வி மிஞ்சியது. இப்படி எத்தனை பேர் நின்றுகொண்டே இருக்கிறார்கள்?

நான் சமூகவியல் படித்தவள், வைத்தியர் அல்ல. எனவே வைத்தியர்களும் தாதிமாரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் விளங்கப்படுத்தியவற்றையும், எமது பெண்களிடம் நான் கண்டவற்றையும் சேர்த்தே இம்மாதம் எழுதுகிறேன்.

மூலம் என்றால் என்ன?

எம் எல்லோருடைய ஆசனவாயிலும் சிறிய இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற தசைகள் பிறப்பிலிருந்தே உண்டு. ஆசனவாய் நன்றாக மூடிக்கொள்ள அவை உதவுகின்றன. அவை இருப்பது நோயல்ல. அங்குள்ள இரத்தக் குழாய்கள் வீங்கிப் புடைத்து, நோவோ இரத்தப்போக்கோ தரும்போதுதான் மூல வியாதி என்கிறோம்.

உட்பக்கத்தில் வீங்கினால் உள்மூலம். அந்தப் பகுதியில் நோவை உணரும் நரம்புகள் குறைவு. அதனால் பெரும்பாலும் நோவில்லாமல் சிவந்த இரத்தம் மட்டும் போகும். வெளிவிளிம்பில், தோலுக்குக் கீழே வீங்கினால் வெளிமூலம். தோலில் நோவை உணரும் நரம்புகள் நிறைய இருப்பதால் இதில் அரிப்பு, எரிவு, நோவு எல்லாம் உண்டு. கழுவும்போது கைக்குத் தட்டுப்படும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

வீங்கிய வெளிமூலத்துக்குள் சில வேளை இரத்தம் உறைந்துவிடும். நேற்றுவரை இல்லாத கட்டி இன்று திடீரென்று வரும். நீலமாக, திராட்சைப்பழம் போல, தொட்டால் கடினமாக இருக்கும். முதல் இரண்டு மூன்று நாட்களில் நோவு உச்சத்துக்குப் போய், பின்பு மெல்லத் தணியும். கட்டி கரைய சில வாரங்கள் எடுக்கும். அக்காவுக்கு வந்தது இதுதான். கரைந்த பின்பு அந்த இடத்தில் சிறு தோல் மடிப்பு மிஞ்சலாம். அதனால் ஆபத்து இல்லை.

ஏன் வருகிறது?

முதற் காரணம் மலச்சிக்கல். மலம் இறுகினால் முக்க வேண்டியிருக்கிறது. முக்கும்போது இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடுகிறது. நெடுநேரம் மலசலகூடத்தில் இருப்பதும், நாட்பட்ட வயிற்றோட்டமும், பாரம் தூக்குவதும், அதிக உடற்பருமனும் இதற்கு வழிசெய்யும். வயது ஏற ஏற அந்தத் தசைகளும் தளர்கின்றன.

பெண்களுக்கு இன்னொரு முக்கிய காரணம் கர்ப்பம். வளரும் கர்ப்பப்பை கீழுள்ள இரத்தக் குழாய்களை அழுத்துகிறது. கர்ப்பகால ஓமோன்கள் குடலின் அசைவையும் மெதுவாக்குகின்றன. பிள்ளை பெறும்போது முக்குவதும் சேர்ந்துகொள்கிறது. என் மூத்த பிள்ளை பிறந்த பின்பு எனக்கும் வந்தது. இரண்டு வாரம் ஒருவரிடமும் சொல்லாமல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்து பால் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் நான் இருந்த விதத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். கர்ப்பத்தில் வரும் மூலம் பலருக்குப் பிரசவத்தின் பின் தானாகவே குறையும்.

இரும்புச்சத்துக் குளிசையும் சிலருக்கு மலத்தை இறுக்கும். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள். வேறு வகைக்கு மாற்றவோ, எடுக்கும் முறையை மாற்றவோ அவர்களால் முடியும்.

உடலில் தங்கிவிட்ட போர்க்கால வழக்கம்

வைத்தியப் புத்தகங்கள் சொல்லும் காரணங்களுக்கு அப்பால் எமக்கு இன்னொன்றும் இருக்கிறது.

அந்த அக்கா முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்தவர். போரின் கடைசி மாதங்களில் கணவரை இழந்தார். 2009இல் இரண்டு பிள்ளைகளுடன் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தார். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்த இடம் அது. 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. பின்பு பிழைப்புக்காக இந்தப் பக்கம் மணமுடித்திருந்த தங்கையிடம் வந்தார். இப்போது பெரிய வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலி.

வைத்தியசாலை வாங்கில் எமது முறை வரும்வரை அவர் சொன்னது இது: "முகாமில கக்கூசுக்குப் போக வரிசையில நிக்க வேணும். இரவில வெளிச்சம் இல்லை. குமர்ப்பிள்ளையைத் தனிய விட்டிட்டும் போகேலாது, கூட்டிக்கொண்டு போகவும் பயம். அதால பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணி வாயில வைக்கமாட்டன். சாப்பாட்டையும் குறைச்சிட்டன். வந்தாலும் அடக்கிப்போடுவன்."

"இப்போது வீட்டில் நல்ல மலசலகூடம் இருக்கிறதே அக்கா?" என்றேன். சற்று யோசித்தார். "ஓம். ஆனா இப்பவும் நாலு மணிக்குப் பிறகு நான் தண்ணி குடிக்கிறேல்லை. இதை இண்டைக்குத்தான் நினைச்சுப் பார்க்கிறன்" என்றார்.

சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களிலும் பலருக்கு இந்த வழக்கம் இருக்கும். பதுங்குகுழியில், பாடசாலை மண்டபத்தில், தறப்பாள் கொட்டிலில், சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் அடக்கிப் பழகிய உடல் இது. மலத்தை அடிக்கடி அடக்கினால் குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும். நாளடைவில் வரவேண்டிய உணர்வே மங்கிப்போகும். முகாம் நிவாரணத்தில் கிடைத்த அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் உயிரைக் காத்தன. கீரையும் பழமும் அரிதாகவே கிடைத்தன. அந்நாளில் பழகிய பாணும் சம்பலும் கோதுமை ரொட்டியும் இன்றும் பல வீடுகளில் மூன்று வேளைக்கும் போகின்றன.

தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் நிலையும் இதுதான். வெயிலில் நாள் முழுவதும் குந்தியிருந்து வெங்காயம் பிடுங்குகிறார்கள். வயலில் மலசலகூடம் இல்லை. ஆண்கள் பற்றைக்குப் போவார்கள். பெண்கள் அடக்குவார்கள். காலையில் ஒரு கோப்பை வெறுந்தேநீர், பின்னேரம்வரை வேறு நீரில்லை. ஆகவே எமது மூல வியாதிக்கு உணவு மட்டும் காரணமில்லை. பெண்ணுக்குப் பாதுகாப்பான ஒரு மலசலகூடம் இல்லாததும் காரணம்.

"உடம்புச் சூடு" என்கிறார்களே?

மூலம் சூட்டினால் வருகிறது, கோழியிறைச்சியினால் வருகிறது, வெந்த கல்லில் இருந்ததால் வருகிறது என்று பலவாறு சொல்கிறோம். இவை மூலத்தை உண்டாக்குவதில்லை. மிளகாய்த்தூள் கூடிய கறி ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் எரிவைக் கூட்டலாம், அவ்வளவே. ஆனால் இறைச்சியும் வெள்ளைச் சோறும் மட்டும் தின்று கீரை, காய்கறி தின்னாவிட்டால் மலம் இறுகும். பழி இறைச்சிக்கல்ல, இல்லாத கீரைக்கே.

இது தொற்று நோயுமல்ல. பாவத்தின் சம்பளமுமல்ல. ஒழுக்கத்தோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. இளஞ்சூட்டு நீரில் இருத்தல். அகன்ற பிளாஸ்டிக் பேசினைச் சுத்தமாகக் கழுவி, இடுப்பின் அடிப்பகுதி அமிழும் அளவு நீர் எடுங்கள். முழங்கையை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. 10 முதல் 15 நிமிடம் இருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவையும், மலம் கழித்த பின்பும் செய்யலாம். டெட்டோல் போன்றவை வேண்டாம். பின்பு மென்மையான துணியால் ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம்.

2. கட்டி திடீரென்று வந்த முதல் நாட்களில் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வரை வைக்கலாம். வெறும் ஐஸைத் தோலில் வைக்காதீர்கள்.

3. நார்ச்சத்து. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 25 முதல் 30 கிராம் வரை வேண்டும். இதற்குக் காசு கொடுத்துத் தகரப் பால்மா வாங்கத் தேவையில்லை. முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நாளாந்தம் இருக்கட்டும். தவிட்டோடு கூடிய சிவப்பரிசி, குரக்கன், பயறு, கௌபி, கடலை, பப்பாசி, கொய்யா, விளாம்பழம் எல்லாம் நல்லவை. வாரத்தில் சில நாள் பாணுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டு அவியுங்கள். திடீரென்று ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

4. தண்ணீர். நாளுக்கு ஏழெட்டுக் குவளையாவது வேண்டும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அதற்கும் மேல். நார்ச்சத்தைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலம் இன்னும் இறுகும். சிறுநீரக நோயோ இருதய நோயோ உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பும் விரதமும் பிடிப்போர், துறந்த நேரத்திலிருந்து படுக்கும் வரையும், விடியுமுன்னும் இந்த அளவைப் பிரித்துக் குடியுங்கள்.

5. உணர்வு வந்ததும் போங்கள். காலை உணவின் பின் குடல் இயல்பாக அசையும். அந்த நேரத்தைப் பழக்கமாக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். கைத்தொலைபேசி வெளியே இருக்கட்டும். குந்தியிருக்கும் மலசலகூடம் மலம் இலகுவாகப் போக உதவும். கொமட் பாவிப்போர் காலுக்குக் கீழே சிறிய பலகை வைத்து முழங்காலை உயர்த்திக்கொள்ளலாம்.

6. நோவுக்குப் பரசிற்றமோல் எடுக்கலாம், உரிய அளவை மீறாமல். இரத்தம் போகும்போது அஸ்பிரினை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இருதய நோய்க்காக வைத்தியர் எழுதித் தந்த அஸ்பிரினாயின் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம். மலத்தை இளக்க இசப்கோல் உமியோ லக்டுலோஸ் பாணியோ வைத்தியர் தருவார். விறைக்கச் செய்யும் பூச்சுமருந்தும் உண்டு. ஸ்டீரொயிட் கலந்த பூச்சுமருந்தை ஒரு கிழமைக்கு மேல் பூசினால் தோல் மெலிந்துவிடும். கர்ப்பிணிகள் எந்த மருந்தையும் கிளினிக்கில் கேட்டே பாவிக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

சுடுகல், சுடுசாம்பல், மிளகாய்ப் புகை எதுவும் வேண்டாம். கட்டியை ஊசியால் குத்தவோ பிதுக்கவோ வேண்டாம். கிருமி புகுந்தால் சீழ்க்கட்டியாகும். "மூலம், பவுத்திரம் ஒரே நாளில் குணம்" என்று மதிலில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்துப் போகாதீர்கள். என்ன மருந்து என்று சொல்லாமல் ஊசி போடுபவரிடம் உங்கள் உடம்பைக் கொடுக்காதீர்கள். சுதேச வைத்தியத்தை விரும்புவோர் அரச ஆயுர்வேத வைத்தியசாலைக்கோ பதிவுபெற்ற ஆயுர்வேத வைத்தியரிடமோ போங்கள்.

வைத்தியரிடம் போனால் என்ன நடக்கும்?

அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் தேவைக்கேற்ப சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். எமது பக்கத்தவர்களுக்குத் தம்புள்ளை ஆதார வைத்தியசாலையும் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையும் உள்ளன. 35 வயதைக் கடந்தவர்கள், 1996இல் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகும்போதும் இதைச் சொல்லலாம்.

இடப்பக்கமாகச் சாய்ந்து முழங்காலை மடித்துப் படுக்கச் சொல்வார்கள். மேலே போர்வை இருக்கும். முதலில் வெளியே பார்ப்பார்கள். தேவையென்றால் கையுறை அணிந்து ஒரு விரலால் உள்ளே பரிசோதிப்பார்கள். சில நிமிட வேலை. பெண் வைத்தியர் இருக்கிறாரா என்று கேட்கலாம். ஆண் வைத்தியரானால் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகவும் செய்யலாம்.

போர்க்காலத்திலோ அதற்குப் பின்போ உடலில் வன்முறைக்கு ஆளான சகோதரிகளுக்கு இந்தப் பரிசோதனையை நினைத்தாலே நடுக்கம் வரும். காரணம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. "எனக்குப் பயமாக இருக்கிறது, மெதுவாகச் செய்யுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்" என்றால் போதும். இன்று முடியாவிட்டால் இன்னொரு நாள் வரலாம். பெரிய வைத்தியசாலைகளில் உள்ள நட்பு நிலையம், அதாவது மிதுரு பியச, இரகசியம் காத்து உங்கள் பேச்சைக் கேட்கும்.

எமது பக்கத்தில் மொழியும் ஒரு தடை. சிங்களத்தில் மூலத்தை "அர்ஷஸ்" என்பார்கள். "லே யனவா" என்றால் இரத்தம் போகிறது. "ரிதெனவா" என்றால் நோகிறது. இந்த மூன்று சொல்லையும் பாடமாக்கிக்கொண்டால், பக்கத்து வாங்கில் இருக்கும் யாரோ ஒரு ஆணை மொழிபெயர்க்கக் கூப்பிட வேண்டிய நிலை வராது.

இரத்தம் உறைந்த கட்டியென்றால், முதல் மூன்று நாளைக்குள் போனால் அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து வைத்தியர் அதை அகற்றக்கூடும். நோவு விரைவில் குறையும். அதற்குப் பிந்தினால் பெரும்பாலும் தானாகக் கரைய விடுவார்கள். இறப்பர் வளையம் போட்டுக் கட்டும் சிகிச்சை உள்மூலத்துக்கு உரியது. வெளிமூலத்தில் அது தாங்க முடியாத நோவைத் தரும். வெளிமூலத்துக்குப் பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சையே தேவைப்படாது. அடிக்கடி வந்து வாழ்க்கையைக் குழப்பினால் மட்டும் வெட்டி அகற்றுவார்கள். அதன் பின் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். தினக்கூலிக்குப் போவோர் அதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

எல்லா இரத்தமும் மூலமல்ல

இதைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள். எமது குழுவில் அறுபதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் எட்டு மாதம் "மூலம்தான் மகள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கைமருந்தோடு காலத்தைக் கழித்தார். உடம்பு மெலிந்து சட்டை தொளதொளத்த பின்புதான் வைத்தியசாலைக்குப் போனார். குழாய்க் கமராவால் பெருங்குடலைப் பார்த்தபோது அங்கே புற்றுநோய்க் கட்டி இருந்தது. சத்திரசிகிச்சை செய்து இன்று எம்மோடு இருக்கிறார். எட்டு மாதம் முந்திப் போயிருந்தால் சிகிச்சை இன்னும் இலகுவாக இருந்திருக்கும் என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

கீழ்க்காணும் எதுவும் இருந்தால் மூலம் என்று நீங்களாக முடிவுகட்டாமல் வைத்தியரைக் காணுங்கள்:

• இரத்தம் மலத்தோடு கலந்து போதல், அல்லது மலம் தார் போலக் கறுத்துப் போதல். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும், ஆயினும் கேட்டுத் தெளிவது நல்லது.
• சில வாரமாக மலம் கழிக்கும் வழக்கம் மாறுதல்.
• காரணமின்றி மெலிதல், களைப்பு, மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல்.
• நாற்பது வயதுக்கு மேல் புதிதாக இரத்தம் போகத் தொடங்குதல்.
• குடும்பத்தில் யாருக்காவது குடற்புற்றுநோய் இருந்திருத்தல்.

காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் நோவு, சலம் போக முடியாமை என்பன இருந்தால் அன்றே போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இரத்தம் நிற்காமல் போய்த் தலைசுற்றினால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அந்த அக்காவுக்கு என்ன ஆனது?

வெந்த தோலுக்கு மருந்தும், மலம் இளக்கும் பாணியும், இளஞ்சூட்டு நீரும்தான் சிகிச்சை. ஒன்றரைக் கிழமையில் நோவு போய்விட்டது. கட்டி கரைய ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. அதைவிடக் கடினமாக இருந்தது நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கப் பழகுவதுதான். முதல் நாள் ஆறு மணிக்கு ஒரு குவளை குடித்துவிட்டு இரவு முழுவதும் பயத்தில் விழித்திருந்ததாகச் சொன்னார். இப்போது மகள் கதவடியில் ஒரு சிறிய பல்ப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இரவில் எழுந்து போய் வருகிறார்.

அவர் கதையைப் பெயர் சொல்லாமல் கூட்டத்தில் பேசலாமா என்று கேட்டேன். "நானே சொல்லுறன்" என்றார். அவர் பேசி முடித்ததும் பதினாறு பேரில் ஏழு பேர் தமக்கும் இருப்பதாகக் கைதூக்கினார்கள். அதே கூட்டத்தில், தோட்டச் சொந்தக்காரரிடம் வயலோரத்தில் ஒரு மலசலகூடம் கேட்டு எல்லோரும் சேர்ந்து போவதென்று முடிவானது. ஒருவர் கேட்டால் வெட்கம். பதினாறு பேர் கேட்டால் கோரிக்கை. அவர் கிடுகு மறைப்போடு ஒரு குழி மலசலகூடம் கட்ட ஒப்புக்கொண்டார். இன்னும் கட்டி முடியவில்லை. நாங்களும் கேட்பதை நிறுத்தவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அயலிலோ யாராவது கதிரை இருந்தும் நின்றுகொண்டிருந்தால், தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். இந்தப் பக்கத்தை வாசித்த பின் மடித்து அவர் கையில் கொடுங்கள். இன்று மாலை நாலு மணிக்குப் பிறகு நீங்களும் ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.